ஏகமனதாக

அந்தச் சபையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்லை. சின்னப் பிள்ளையிலிருந்து பல் போன கிழவர்வரை எல்லோருக்கும் அவள் மினிட்ஸ் அக்கா. சபை நடத்திய ஆரம்பப் பள்ளியில் அவள் டீச்சர். இருபத்தோராவது வயதில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தலைவர்கள் கூட்டத்தில் குறிப்பெடுக்க அவளை உட்காரவைத்தார்கள். அதற்கப்புறம் நாற்பது வருஷம் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

கூட்டத்தில் பேச்சு ஜன்னல் பழுதில் ஆரம்பித்து, யாரோ ஒருவரின் முதுகுவலி, இன்னொருவரின் மருமகன் என்று ஊரைச் சுற்றிவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்து சேரும். அவள் நோட்டில் அது நாலு வரியாக அடக்கமாக உட்கார்ந்திருக்கும். நாம இவ்வளவு புத்தியோடவா பேசினோம்னு இவ எழுதினதைப் படிச்சாத்தான் தெரியுது என்று டெய்லர் கிண்டல் செய்வார். டெய்லர் அவள் அப்பாவின் உயிர்ச் சினேகிதர். அவளுக்குச் சித்தப்பா முறை. ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில்.

மெதடிஸ்டு சபையில் போதகர்கள் ஓரிடத்தில் வேர்விட முடியாது. நாலு வருஷம், மிஞ்சிப்போனால் ஆறு. சாமான் வண்டி வந்து நிற்கும். ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். பேர் மனதில் பதிவதற்குள் ஆள் மாறிவிடுவதால் சபையார் பட்டப்பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். இருமல் போதகர், குடை போதகர், 'கடைசியாக' போதகர். இந்த மூன்றாமவர் பிரசங்கத்தில் 'கடைசியாக' என்று சொன்னால் இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். இப்படிப் போதகர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, சபை யார் கையில் இருந்தது என்றால் மில்காரர் கையில் இருந்தது.

ஆலயத்தின் பின்சுவரும் அவருடைய நூல் மில்லின் பக்கச்சுவரும் ஒரே சுவர். சபையாரில் பாதிப்பேர் வாரம் ஆறு நாள் அந்தப் பக்கம், ஏழாம் நாள் இந்தப் பக்கம். மில்காரர்தான் சபைப் பொறுப்பாளர், அவர்தான் பள்ளிக்கூடத்துக்கும் மேலாளர். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். எல்லோருக்கும் நல்லது எது என்று தனக்குத் தெரியும் என்பதில் மட்டும் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

அவள் அப்பா அந்த மில்லில் லாரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கியார். அந்த வட்டாரத்தில் சின்னதும் பெரியதுமாக ஏழு ஆலயங்கள், போதகர் ஒருவர். மீதி இடங்களைச் சம்பளமில்லாத பிரசங்கியார்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அட்டவணை அச்சாகி வரும்: எந்த ஞாயிறு, எந்த ஆலயம், யார் பிரசங்கம். பதினெட்டு வருஷம் அதில் அப்பாவின் பேர் இல்லாத அட்டவணையே கிடையாது. சைக்கிளில் பத்து மைல் போய்ப் பேசிவிட்டு வருவார். பிரேக், கியர், மலைப்பாதை வளைவு, இதெல்லாம்தான் அவர் பிரசங்கம். பாவத்தைப் பற்றிப் பேசினால் கேட்கிறவன் கால் தானாக பிரேக்கைத் தேடும் என்பார்கள்.

பிரசங்கியார் பரீட்சையில் அப்பா தேறிய வருஷம் டெய்லர் ஒரு கறுப்புக் கோட்டுத் தைத்துக் கொடுத்தார். அளவெடுக்கவே இல்லை. உன் தோளு எனக்குத் தெரியாதா என்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. வண்டி நிறுத்திவிட்டு வரும் அப்பா தினமும் அரை மணி நேரமாவது அந்தப் படியில் உட்காராமல் வீட்டுக்கு வந்ததில்லை.

சபைக்கு அறுபத்தொன்று நடந்த வருஷம் மில் மூடப்பட்டது. நூல் விலை விழுந்துவிட்டது என்றார் மில்காரர். ஆலயத்தில் அதற்காக ஜெபம் ஏறெடுத்தார்கள். அந்த ஜெபத்தையும் மில்காரரே நடத்தினார். அப்பாவுக்கு ஐம்பது வயது. எட்டு மாதம் வேலை தேடி அலைந்தார். கேட்ட இடத்திலெல்லாம் இளவட்டமாகப் பார்த்தார்கள். வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. அதுவும் இன்னும் நிரந்தரமாகாத வேலை. அம்மா உலையில் போடும் அரிசியைக் கையால் அளக்க ஆரம்பித்தாள்.

ஒன்பதாம் மாதம் ஊருக்கு வெளியே ஆற்றோரம் பீர் கம்பெனி ஒன்று வந்தது. லாரி டிரைவர்கள் வேண்டும் என்றார்கள். அப்பா சேர்ந்தார்.

சபையில் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் வருஷா வருஷம் மதுவைத் தொடுவதில்லை என்று ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா முப்பது வருஷமாகப் போட்டுவந்தவர். அதன் ருசி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. இருமல் போதகர் கூப்பிட்டு விசாரித்தபோது, நான் ஓட்டுறது லாரியை ஐயா, உள்ள என்ன இருக்குன்னு ருசி பாக்குறது டிரைவர் வேலை இல்ல என்றார். போதகர் சிரித்துவிட்டார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். மில்காரரிடமும் போய்ச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் கூட்டம். நீள மேஜை, பச்சைத் துணி, சுவரில் பழைய போதகர்களின் படங்கள், மூலையில் தகர அலமாரி. தலைவர்கள் ஒன்பது பேர், போதகர், அவள். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவர் அன்றைக்கு வண்டியோடு வெளியூரில் இருந்தார். அது தெரிந்துதான் அன்றைக்கு வைத்தார்கள். போதகர் அவளைப் பார்த்து, வேணும்னா நீ வெளிய இரும்மா என்று முணுமுணுத்தார். மில்காரர், வேலையை வேலையாப் பார்க்கப் பழகணும், உக்காரட்டும் என்றார். அவள் உட்கார்ந்தாள்.

பேச்சு நீளவில்லை. சாராய வண்டி ஓட்டுகிறவர் பிரசங்க மேடையில் நின்றால் இளைஞர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். மனவருத்தத்தோடு என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் மனவருத்தத்தோடுதான் பேசினார்கள். அட்டவணையிலிருந்தும் தலைவர் பட்டியலிலிருந்தும் பேரை எடுத்துவிடலாம் என்று வந்தபோது டெய்லர் எழுந்தார்.

"எட்டு மாசம் அவன் வீட்டு அடுப்பு எரிஞ்சுதான்னு இங்க இருக்கிற யாராவது போய்ப் பாத்தோமா? நானும் பாக்கல, அது வேற. மில்லை மூடினவருக்கு இங்க நாற்காலி இருக்கு. மில்லு மூடினதால வண்டி மாத்தினவனுக்கு இல்லையா? நான் ஒத்துக்க மாட்டேன்."

மில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டெய்லர் சினேகிதனுக்காகப் பேசுகிறார், சினேகம் நல்ல விஷயம் என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கைகள். டெய்லர் முடிவு ஜெபத்துக்கு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்களும் கலைந்த பிறகு மில்காரர் அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"ஏகமனதாகன்னு எழுதும்மா."

"டெய்லர் சித்தப்பா..."

"அவர் உணர்ச்சிவசப்பட்டார். மினிட்ஸ்ல உணர்ச்சியை எழுதுறதில்ல. மாற்றுக் கருத்து இருந்ததுன்னு எழுதினா விஷயம் வட்டார விசாரணைக்குப் போகும். உங்கப்பாவை ஏழு சபை ஆளுங்க முன்னாடி நிக்கவெச்சுக் கேள்வி கேப்பாங்க. தேவையா அது? உங்க குடும்பத்தை நினைச்சுத்தான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தி, உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கிற குரலில் கேட்டார்: "பள்ளிக்கூடத்துல உனக்கு நிரந்தரமாகிற வருஷம் இதுதானே?"

அவள் எழுதினாள். பேனா எங்கும் தடுக்கவில்லை.

விசாரணைக்குப் போயிருந்தால் அப்பா பேசியிருப்பார். ஏழு சபைக்காரர்களும் பதினெட்டு வருஷம் அவர் பேச்சைக் கேட்டவர்கள். இது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் பிறகு பல வருஷம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

தீர்மானத்தைக் கடிதமாக டைப் அடித்ததும் அவள்தான். தபால் செலவு எதற்கு, நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்றார்கள். அப்பா ஞாயிறு மதியம் வந்தார். கை கழுவிவிட்டு, நின்றபடியே படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது உதடு அசைந்தது.

"ஏகமனதான்னா எல்லாருமா?"

அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"டெய்லருமா?"

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மில்காரரின் தணிந்த குரல் அவள் காதிலேயே இருந்தது. "அப்படித்தான் எழுதியிருக்கு, அப்பா" என்றாள்.

பொய்கூட இல்லை அது. அப்படித்தான் எழுதியிருந்தது.

மறுநாள் அப்பா கறுப்புக் கோட்டைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, டெய்லரிடம் கொடுத்துவிட்டு வரும்படி அவளை அனுப்பினார். டெய்லர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தொட்டுப் பார்த்ததுமே அவருக்குத் துணி தெரிந்துவிட்டது. அதை மெஷின் பலகைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் வாசலிலேயே நின்றாள். தண்ணி குடிக்கிறியாம்மா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டுத் திரும்பினாள்.

அன்றோடு அந்தச் சினேகம் அறுந்தது. அப்பா பஸ் நிலையம் வழியாக வருவதை விட்டுவிட்டுச் சுற்று வழியில் வீட்டுக்கு வந்தார். டெய்லரும் தேடி வரவில்லை. ஒரே ஊர், நடுவில் நாலு தெரு. கூட்டத்தில் நடந்ததை வெளியே பேசக் கூடாது என்பது சபை வழக்கம், மற்ற எட்டுப் பேரும் அதைக் காப்பாற்றினார்கள்.

ஆலயத்துக்கு அம்மாவும் அவளும் மட்டும் போனார்கள். அவளுக்கு வேலை நிரந்தரமானது. இரண்டு வருஷத்தில் அப்பா குடிக்க ஆரம்பித்தார். கம்பெனியில் டிரைவர்களுக்கு வாரக் கடைசியில் நாலு பாட்டில் கொடுப்பார்கள். அதுவரை மற்றவர்களுக்குக் கொடுத்துவந்தவர், ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவர், கையெழுத்துக் கேட்க ஆள் இல்லாமல் போனதும் குடித்தார். சபையில் விஷயம் பரவியது. பாத்தீங்களா, அன்னைக்கே சரியான முடிவுதான் எடுத்திருக்கோம் என்று மில்காரர் சொன்னதாகக் காதில் விழுந்தது. தாங்கள் செய்ததன் பலனையே தாங்கள் செய்ததற்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் எல்லோருக்கும் வராது.

குடித்தால் அப்பா சத்தம் போட மாட்டார். அடிக்க மாட்டார். மில்காரரைத் திட்ட மாட்டார், சபையைத் திட்ட மாட்டார். "டெய்லர்கூட" என்று மட்டும் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "டெய்லர்கூட." பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும் அவளுக்குக் கேட்கும். ஏழு வருஷம் கேட்டாள். முதல் வருஷமே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டாம் வருஷம் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷம் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருந்தது. அப்படியே போனது.

அப்பா ஐம்பத்தொன்பதில் ஈரல் கெட்டுச் செத்தார். குடை போதகர் இளகிய மனசுக்காரர். பட்டியலில் பேர் இல்லாவிட்டாலும் சபைக் கல்லறையிலேயே அடக்கம் செய்ய ஒத்துக்கொண்டார். டெய்லர் வந்திருந்தார். கல்லறை கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மண் போட உள்ளே வரவில்லை.

அவளுக்குக் கல்யாணம் என்று வந்த ஒன்றிரண்டும் தட்டிப்போயின. குடிகாரர் மகள் என்பது ஒரு காரணம், சம்பளக்காரி வீட்டைவிட்டுப் போனால் அம்மா கதி என்ன என்பது இன்னொன்று. அம்மாவும் போன பிறகு தனியாக இருந்தாள். மினிட்ஸ் எழுதுவதை விடவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் அவள் எழுதும் முறை மாறிவிட்டது. யார் எதை எதிர்த்தாலும் பேரோடு எழுதினாள். ஜன்னல் திரைக்கு நீலம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அது நோட்டில் இருக்கும். இதெல்லாம் எதுக்கு அக்கா என்று சலித்துக்கொள்வார்கள். இருக்கட்டும் என்பாள்.

மில்காரரும் இறந்தார். ஆலயத்தை ஒட்டி அவர் கட்டிக்கொடுத்த மண்டபத்துக்கு அவர் பேரையே வைத்தார்கள்.

சபைக்கு நூறு வயது நெருங்கியபோது வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடலாம் என்று முடிவாயிற்று. எழுத ஆள் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் ஓய்வு பெற்றிருந்தாள். நூற்றாண்டுக் குழுவின் தலைவர் மில்காரரின் மகன், பல் டாக்டர். வெஸ்ட்ரி சாவியைக் கையில் கொடுத்து, உங்களைவிட்டா யாருக்கு அக்கா தெரியும் என்றார்.

நாலு மாதம் தகர அலமாரியோடு குடித்தனம் நடத்தினாள். பூச்சி அரித்த நோட்டுகள், ஒட்டிக்கொண்ட தாள்கள். ஆரம்ப அத்தியாயங்கள் ஆசையாகவே வந்தன. கடல் கடந்து வந்த முதல் போதகர், ஆராதனை நடத்த இடம் கிடைக்காமல் தோல் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். ஒன்பது பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடினார்கள். ஊரார் தோல் சபை என்று கேலி செய்தார்கள். பன்னிரண்டாம் வருஷம் செங்கல் சூளைக்காரர்கள் கூலி வாங்காமல் வேலை செய்து ஆலயம் எழுப்பினார்கள். கோபுரம் பாதியில் நின்றுவிட்டது. மணியை இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டார்கள், இன்னும் அப்படியே தொங்குகிறது. இதையெல்லாம் எழுதும்போது அவளுக்கு அந்த ஒன்பது பேர்மேல் பாசமே வந்துவிட்டது.

அறுபத்தொன்றாம் வருஷத்துக் கட்டில் ஒரு கடிதம் இருந்தது. பீர் கம்பெனியிலிருந்து மில்காரருக்கு, சபைப் பொறுப்பாளர் என்ற முறையில் வந்தது. ஆற்றோரத்தில் மில்லுக்குச் சொந்தமாக இருந்த நிலத்தைத் தாங்கள் வாங்கிக்கொண்டதையும், இப்போது மில் கட்டிடத்தையும் கிடங்காக வாங்க இருப்பதையும் சொல்லி, பொதுச்சுவரை ஒட்டிக் கூரை போட சபைக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். தேதி, அந்தக் கூட்டத்துக்கு ஐந்து வாரம் முந்தையது. அதன் பின்னாலேயே, ஆட்சேபணை இல்லை என்று மில்காரர் கையெழுத்திட்ட நகல்.

அப்பா வண்டி ஓட்டிய கம்பெனிக்கு நிலம் விற்றவர், வண்டி ஓட்டியதற்காக அப்பாவை நீக்கியிருக்கிறார். விற்ற பணத்தில்தான் மண்டபம்.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் அது மில்காரரிடம் போய்ச் சேராமல் பாதி வழியிலேயே திரும்பி அவளிடமே வந்தது. அவர் மறைத்தது ஒரு கடிதத்தை. அவள் மறைத்தது ஒரு மனிதரை.

எட்டாம் அத்தியாயத்தை அவள் ஒரே மூச்சில் எழுதினாள். கடிதம், கூட்டம், எட்டுக் கைகள், டெய்லர் சொன்ன வார்த்தைகள், தான் எழுதிய பொய், தகப்பனிடம் சொன்ன பதில். ஒன்றையும் விடவில்லை.

பல் டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே குழுவைக் கூட்டினார். கோபப்படவில்லை. மில்காரரின் அதே தணிந்த குரல். "அக்கா, எட்டாவது மட்டும் கொஞ்சம் ஆடுது. வலிக்காம எடுத்துடலாம்." நூற்றாண்டு என்பது நன்றி சொல்கிற நேரம், தனிப்பட்ட விஷயங்களுக்கு இது இடமில்லை என்றார். புதிதாக வந்திருந்த இளம் போதகர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது முதல் சபை. அப்படியானால் புத்தகத்தில் என் பேர் வேண்டாம் என்றாள். உங்க பேர் இல்லாமலா, உங்க உழைப்பை நாங்க மறக்க மாட்டோம் என்றார்கள்.

அன்று மாலைதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. சபை முழுக்கப் படிக்கட்டும் என்று எழுதத் துணிந்தவள், நாலு தெரு தாண்டி உயிரோடு இருக்கும் ஒரே ஒருவரிடம் போய் இன்னும் சொல்லவில்லை.

டெய்லருக்கு எண்பத்தெட்டு வயது. மகன் வீட்டு முன்னறையில் கட்டிலும் ஒரு நாற்காலியும். ஒரு காது முற்றிலும் போய்விட்டது, மற்றதில் கத்தினால்தான் கேட்கும். அவள் மெதுவாக ஆரம்பித்தாள். அவர் கையைக் காதில் குவித்துக்கொண்டு, சத்தமாச் சொல்லு என்றார். அதனால் நாற்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது, மருமகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏகமனதான்னு நீ எழுதினியா?"

"ஆமா சித்தப்பா."

"நானும் கை தூக்கினேன்னு அவன் நினைச்சானா?"

"ஆமா."

அவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, தனக்காக ஒருத்தன் கெஞ்சினது அவனுக்குப் பிடிக்கலைன்னு இருந்தேன் என்றார். அவன் ரோஷக்காரன். கோட்டைத் திருப்பி அனுப்பினதும், சரி, என் பரிதாபம் அவனுக்கு வேண்டாம்போல, நாமளா போய் நின்னா இன்னும் நொந்துபோவான்னு ஒதுங்கிட்டேன். ஒன்பது வருஷம். குடிக்கிறான்னு தெரிஞ்சும் போகல. இதையெல்லாம் அவளிடம் சொல்வதுபோல அல்ல, ஒரு துணியை அளப்பதுபோலச் சொன்னார்.

"கோட்டை நீதானே கொண்டுவந்த. வாசல்லயே நின்ன. தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"அப்பக்கூட வாயைத் திறக்கல."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"உனக்கு இறக்கிவெக்க ஒரு இடம் வேணும், வந்துட்ட. எனக்கு எண்பத்தெட்டு வயசு. நான் இதைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? அவன்கிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?" சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "கதவைச் சாத்திட்டுப் போ."

நூற்றாண்டு ஆராதனையில், மூத்த அங்கத்தினர் என்று டெய்லருக்காக முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. உடல்நலக் குறைவு என்று பல் டாக்டர் அறிவித்தார். புத்தகத்தை வெளியிட்டார்கள், அட்டையிலேயே அவள் பேர். எட்டாம் அத்தியாயம் இருந்த இடத்தில் மண்டபத்தின் படமும் மில்காரரின் படமும். முதல் இரண்டு பக்கங்களைப் படிக்கும்படி அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

தோல் கிடங்கைப் பற்றிப் படித்தாள். சபையார் சிரித்தார்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, மைக்கைப் பிடித்தபடியே பேசினாள். "அறுபத்தொன்னாம் வருஷம் எங்கப்பாவைப் பிரசங்கத்துல இருந்து நீக்கினாங்க. பீர் வண்டி ஓட்டினார்ன்னு. அந்தக் கம்பெனிக்கு நிலம் வித்தது நம்ம பொறுப்பாளர். எல்லாரும் சம்மதிச்சாங்கன்னு நான் எழுதினேன். அது பொய். டெய்லர் எதுத்தார். அவர் ஒருத்தர்தான்." குரல் உடைந்துவிட்டது. எங்கப்பா என்று மறுபடி ஆரம்பித்தவளால் மேலே போக முடியவில்லை.

பிறகு பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அப்புறம் ஆலயம் முழுக்கத் தட்டியது. பாதிப்பேர் ஊருக்குப் புதியவர்கள், பாதிப்பேருக்கு மைக் சரியாகக் கேட்கவில்லை. வயதான டீச்சர் தகப்பனை நினைத்து அழுகிறார் என்பது மட்டும் புரிந்தது. பல் டாக்டரும் தட்டினார். பாடகர் குழு எழுந்து நின்றது. மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஞாபகம் வந்துடுச்சா அக்கா, எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு என்றாள்.

ஒரு மாதம் கழித்துப் போதகரிடம் போய், பழைய மினிட்ஸில் ஒரு திருத்தக் குறிப்பாவது எழுதுங்கள் என்றாள். கையெழுத்தான மினிட்ஸை நானாகத் தொட முடியாது, கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். வைத்தார். நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் கூட்டத்துக்குமுன் டெய்லர் இறந்துபோனார். அடக்கத்துக்கு வர வேண்டாம் என்று மருமகள் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். பிறகு அந்தப் போதகருக்கு மாற்றலாயிற்று. சாமான் வண்டி வந்தது. புதியவருக்கு விஷயம் தெரியாது. குறிப்பெடுக்கவும் கம்ப்யூட்டரோடு வேறு ஆள் வந்தாயிற்று. பொருள் பட்டியலிலிருந்து அந்த வரி எப்போது விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. விற்காத புத்தகக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று மட்டும் அவளிடம் கேட்டனுப்பினார்கள்.

இப்போது அவள் ஆலயத்துக்குப் போவதில்லை. யாராவது கேட்டால் முழங்கால் வலி என்கிறாள். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. தினமும் காலையில் சந்தைவரை நடந்தே போய்க் காய் வாங்கிக்கொண்டு, நடந்தே திரும்பி வருகிறாள்.